மேலே ஒட்டிய பெயர்

புதுப் பெயரை எழுதி முடித்த பிறகும் அந்தக் கிராபிக்ஸ் கார்டு பழைய பெயரையே சொன்னது.

இதுவரை இப்படி நடந்ததில்லை. மாதக்கணக்காகப் புதிய கார்டுகள் எங்கேயும் கிடைக்காததால் முதலாளி பழையவற்றை மூட்டையாக வாங்கிப் போடுவார்; கடையின் பின்னறையில், ஜன்னல் இல்லாத சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவன் தூசியை ஊதி, ஸ்பிரிட்டால் துடைத்து, உள்ளே பதிந்திருக்கும் பெயரை அழித்து இந்த ஆண்டு மாடலின் பெயரை எழுதி, மேலே ஸ்டிக்கரை வைத்து நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்துவான். அதன்பின் எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் கார்டே கூசாமல் பொய் சொல்லும்.

கார்டிலிருந்த குட்டி ஃபேனின் ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி இருந்ததை அப்போதுதான் பார்த்தான். நகப்பூச்சு.

அவன் மனைவி வைத்த புள்ளி. கார்ட்டூன் படங்களுக்கு உருவம் செய்தவள்; இந்தக் கார்டு இருந்த கம்ப்யூட்டரில்தான் செய்தாள். அவள் இறந்த பிறகும் மேசைக்கடியில் ஃபேன் சுற்றுவதுபோலவே கேட்டுக்கொண்டிருந்தது. தாங்காமல் கழற்றி எடுத்துவந்து மூட்டையில் போட்டிருந்தான்.

எழுதுவதற்கு முன் கார்டுக்குள் இருக்கும் பழையதை ஒரு நகல் எடுத்துவைக்க வேண்டும். மூட்டைச் சரக்குக்கு யார் எடுக்கிறார்கள்? அவனும் எடுக்கவில்லை.

“என்ன தம்பி, கிழவனுக்கு மாப்பிள்ளை வேஷம் போட்டாச்சா?” முன்கடையிலிருந்து முதலாளி கேட்டார்.

“பேரு ஏற மாட்டேங்குதுண்ணே.”

“இன்னொரு தடவை ஏத்திப் பாரு. வாங்க வந்தவரு வாசல்லயே குடித்தனம் பண்றாரு.”

மறுபடி எழுதினான். சோதனையை ஓட்டினான். திரையில் வண்ணப் பந்து ஒன்று சுழல வேண்டும். அதற்குப் பதில் சாம்பல் பட்டைகள் நெளிந்தன, சூடேறிய பிளாஸ்டிக்கின் நெடி எழுந்தது, அந்த நெடிக்கு அடியிலிருந்து மெல்ல, குளித்துவிட்டு வந்த ஈரத் தலையின் வாசனை. பட்டைகள் படிந்து ஓர் அறையாயின. அவன் வீட்டு அறை. மேசை. குனிந்த கழுத்து, பென்சில் செருகிய கொண்டை.

மின்சாரம் நின்றால் கார்டில் எந்தப் படமும் தங்காது. அது அவனுக்குத் தெரியும்.

திரையில் தெரிந்ததும் அவள் பின்னந்தலைதான். இப்போதெல்லாம் கண்ணை மூடினால் அது மட்டுமே வந்தது. முகம் வரவில்லை. புகைப்படங்களில் யாரோ ஒருத்தி சிரித்தாள். ஒரு தடவை பார்த்தால் போதும். ஒரே தடவை.

“திரும்பு,” என்றான், வாய்க்குள்ளேயே.

கழுத்து அசைந்தது.

“ஏறிடுச்சா தம்பி?”

திரையின் மூலையில் பெயர் மாறியிருந்தது. புதுப் பெயர்.

அவள் திரும்பினாள்.

முகம் இருந்தது. அவளுடையது இல்லை. வழவழப்பான, புத்தம் புதிய, எந்தப் பெட்டியின் மேலும் அச்சடிக்கக்கூடிய முகம். மூன்று மூலைகள் நன்றாக அழுத்தப்பட்டிருந்தன. தாடையோரம் ஒன்று தூக்கி நின்றது.

வயரைப் பிடுங்கினான். ஃபேன் நின்றது. படம் போகவில்லை.

சிவப்பு நகம் ஒன்று அந்த மூலைக்கடியில் நுழைந்தது. உரியும் சத்தம். நிதானமாக. அடியில் அவள் இருப்பாள். இருக்க வேண்டும்.

சாம்பல் பசை. துடைத்த தகடு. கண்கள் இருந்த இடத்தில் ஸ்பிரிட் தேய்த்த கோடுகள்.

வாசலில் முதலாளி எதற்கோ சிரித்தார்.

உரித்த முகத்தை அவள் இரண்டு கைகளாலும் ஏந்தி அவனிடம் நீட்டினாள். ஒட்டச் சொல்லி.

அவன் கட்டைவிரல் தானாக எழுந்தது. அதில் ஏற்கெனவே பிசுபிசுப்பு.