பலகைகளுக்குக் கீழே

பேத்தியின் தலைமுடி காயவில்லை.

மூன்று துண்டுகள் மாற்றித் துவட்டியாகிவிட்டது. மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்து இரண்டு மணி நேரம் ஆகிறது. ஆனாலும் முடியின் நுனிகளிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கி, கவுனின் முதுகை நனைத்து, கூடத்து மரப்பலகைகளின் இடுக்கு வழியாகக் கீழே ஏரிக்குள் விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டும் விழும் சத்தம் மாஸ்டருக்குத் தனித்தனியாகக் கேட்டது.

ரொம்ப நேரம் ஊறிவிட்டாள் போல என்று சொல்லிக்கொண்டே மகள் நான்காவது துண்டை எடுத்தாள். மாஸ்டர் பலகை இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வீட்டை விடுமுறைக்கு வாடகைக்குப் பிடித்தவர் அவர்தான். பாதி கரையிலும் பாதி தூண்களின் மேல் தண்ணீரிலுமாக நிற்கும் மரவீடு. எதிர்க்கரையில் மிதிபடகுகள், ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகள், ஐஸ்கிரீமுக்கு அழும் பிள்ளைகள், ஓயாத ஒலிபெருக்கி. குழந்தை குட்டிகளோடு போவதற்கு இதைவிடப் பத்திரமான ஏரி கிடையாது என்று விசாரித்த இடத்திலெல்லாம் சொன்னார்கள். அவரும் விசாரிக்காமல் எதையும் செய்கிறவர் அல்லர். முப்பத்து நான்கு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். கடைசிப் பெட்டியின் பின்விளக்கைத் தன் கண்ணால் பார்க்காமல், வண்டி முழுதாக வந்து சேர்ந்தது என்று அடுத்த ஸ்டேஷனுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் வீட்டிலும் வெளியிலும் அவர் பெயர் மாஸ்டர்தான்.

போன வருடம் ஒரு கண்காட்சிக் கூட்டத்தில் மகளின் கையிலிருந்து நழுவிப் பேத்தி அரைமணி நேரம் காணாமல் போனாள். கிடைத்துவிட்டாள். ஆனால் சம்பந்தி நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொன்னார். "பெத்த பிள்ளையப் பாத்துக்கத் தெரியல. வளர்ப்பு அப்படி." அன்றிலிருந்து குழந்தையைத் தனியாக வெளியே அழைத்துப்போக மகளுக்கு அந்த வீட்டில் அனுமதி இல்லை. தெருமுனைக் கடைக்குக்கூட இல்லை. அந்த வார்த்தையைத் துடைத்துவிட வேண்டும் என்றுதான் மாஸ்டர் சம்பந்தியையும் வற்புறுத்தி இந்த நான்கு நாட்களுக்கு அழைத்து வந்திருந்தார். மாப்பிள்ளைக்கு வேலை, நாளைக் காலையில் வருவார்.

மத்தியானம் மூன்று மணிக்கு மகள் குளிக்கப் போனாள். சம்பந்தி உள்ளறையில் தூங்கினார். தண்ணீருக்குள் இறங்கும் படியில் கால்களை நனைத்தபடி பேத்தி உட்கார்ந்திருக்க, மாஸ்டர் பின்னால் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். குளியலறையிலிருந்து மகள் இரண்டு தடவை குரல் கொடுத்தாள். இரண்டு தடவையும், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார். இரண்டாவது தடவை அதைச் சொன்னபோது அவர் கண்கள் மூடியிருந்தன.

திறந்தபோது படி காலி.

கூப்பாடு போட்டிருக்க வேண்டும். கத்தியிருந்தால் எதிர்க்கரையிலிருந்து பத்துப் படகு வந்திருக்கும். ஆனால் உள்ளறையில் சம்பந்தியின் குறட்டை கேட்டது. மாஸ்டர் வேட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில், "மிளகு... அடியே மிளகு..." என்று பேத்தியின் செல்லப்பெயரைச் சொல்லிச் சொல்லித் துழாவினார். எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. படியில் இருந்த வெயில் சுவருக்கு ஏறியிருந்தது.

அப்போதுதான் வீட்டுக்கு அடியிலிருந்து, தூண்களுக்கு நடுவே அவள் வந்தாள். கழுத்தளவு தண்ணீர், பிறகு மார்பளவு, பிறகு இடுப்பளவு. நீந்தவில்லை. நடந்து வந்தாள். இருமவில்லை, அழவில்லை. கையை நீட்டினாள். அவருக்கு வந்த அழுகையில் அந்த முகத்தை அவர் சரியாகப் பார்க்கவே இல்லை.

கால் வழுக்கிவிட்டது, விழுந்த உடனே தூக்கிவிட்டேன், ஒரு நிமிடம்கூட அவளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை என்று மகளிடம் சொன்னார். சம்பந்தி எழுந்து வந்தபோது அதையே இன்னும் உரத்துச் சொன்னார்.

இப்போது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கூடத்தில் ஒரு வாடை. பூச்சாடியில் வாரக்கணக்கில் மாற்றாமல் கிடந்த தண்ணீரின் வாடை. மகள் சன்னலைத் திறந்துவைத்தாள். வாடை போகவில்லை. அது வெளியிலிருந்து வரவில்லை.

பேத்தி தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். இடது கையால்.

சம்பந்தி பல் மருத்துவர். பேத்தியை எப்போது பார்த்தாலும் வாயைத் திறக்கச் சொல்லி விளையாடுவார். இப்போதும் சொன்னார். அவள் திறந்தாள். அவர் குனிந்து பார்த்தார். மூக்கைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"நேத்து இவளுக்கு நான் எடுத்த பல்லு வலது பக்கம்தானே? இங்க இடது பக்கம்ல ஓட்டையா இருக்கு." பிறகு அவரே சிரித்தார். "சரிதான். வலது இடதே குழம்புதுன்னா கிளினிக்க மூடவேண்டியதுதான். ஊர்ல பாதிப் பேரோட நல்ல பல்லு தப்பிச்சிரும்."

மகளும் சிரித்தாள். மாஸ்டர் பேத்தியை உற்றுப் பார்த்தார். தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம் கண்ணாடியை விட்டு இறங்கி வந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் திடீரென்று புரிந்தது. கோண வகிடு. புருவத்துத் தழும்பு. எல்லாம் பக்கம் மாறியிருந்தன.

டொக்.

பலகைக்குக் கீழே. அவர் நாற்காலிக்கு நேர் கீழே.

டொக். டொக்.

"அது என்ன சத்தம்?" என்றார் சம்பந்தி.

"படகு கட்டியிருக்காங்க. அலையில தூண்ல இடிக்குது."

படகு எதுவும் கட்டியிருக்கவில்லை. மாஸ்டருக்கு அது தெரியும். வாய் அதுவாகச் சொல்லிவிட்டது.

தண்ணீரின் சலசலப்புக்குள்ளிருந்து, எடுத்த பல்லின் இடைவெளியில் காற்றுப் போகும் குரல் ஒன்று கேட்டது. மிக மெதுவாக. அவருக்கு மட்டும் கேட்கிற அளவில்.

தாத்தா.

மாஸ்டர் எழுந்தார். எழ முயன்றார். அந்த நேரத்தில்தான் சம்பந்தி நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் முழங்கால்மேல் கையை வைத்தார்.

"ஒண்ணு சொல்லணும் சம்பந்தி. போன வருஷம் நாலு பேரு முன்னாடி நான் பேசினது தப்பு. இன்னைக்கு நீங்க இல்லன்னா குழந்த இல்ல. நாளைக்கு என் பையன் வந்ததும் அவன் முன்னாடியே சொல்றேன். உங்க வளர்ப்புல ஒரு குறையும் இல்ல."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன. ஒரு வருடமாக அந்த முகத்தில் இல்லாத ஒரு வெளிச்சம். குழந்தையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மடியில் கிடந்தது மாஸ்டரைப் பார்த்தது.

"தாத்தா கண்ண எடுக்கவே இல்ல," என்றது.

சம்பந்தி எழுந்து போகட்டும் என்று மாஸ்டர் நினைத்தார். முகம் கழுவப் போவார். போனதும் இறங்கிவிடலாம். யாருக்கும் தெரியாமல் தூக்கிவிடலாம். ஒரு நிமிடம். ஒரே ஒரு நிமிடம்.

சம்பந்தி எழுந்திருக்கவில்லை. மனசு லேசானவர்களுக்கு வரும் பேச்சு அவருக்கு வந்திருந்தது. கல்யாணப் பேச்சு எடுத்த நாளிலிருந்து தொடங்கினார்.

டொக். டொக்.

மேலே அணையில் மதகு திறந்திருக்கிறது, நீர்மட்டம் ஏறும், படகுகள் கரைக்குத் திரும்பவும் என்று எதிர்க்கரை ஒலிபெருக்கி அறிவித்தது. இரண்டு முறை அறிவித்துவிட்டு அடங்கியது. எதிர்க்கரையில் இனி ஆள் இருக்காது. பலகைக்கு அடியில் தண்ணீரின் சத்தம் மாறியது. கிணற்றுக்குள் கேட்பதுபோல் இருந்த சத்தம், நாய் தட்டை நக்குவதுபோல் கிட்டத்தில் வந்தது.

டொக்.

சொல்லிவிடு. ஒரு வாக்கியம்தான்.

வாயைத் திறந்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

இடுக்கிலிருந்து ஒரு விரல் மேலே வந்தது. சின்ன விரல். வெளுத்து, நுனி சுருங்கி. பலகையின் விளிம்பை அங்கும் இங்குமாகத் தடவியது.

சம்பந்தி கீழே விழுந்த துண்டை எடுக்கக் குனிந்தார்.

மாஸ்டரின் கால் நகர்ந்தது. அவர் நகர்த்தவில்லை. நகர்ந்தது. பாதம் இடுக்கின்மேல் படிந்தது.

"என்ன சம்பந்தி, கால் இப்படி நடுங்குது?"

"பலகை ஆடுது," என்றார் மாஸ்டர்.

உள்ளங்காலுக்குக் கீழே அந்த விரல் துழாவியது. தோலைத் தடவியது. வெடிப்பைத் தடவியது. தெரிந்த கால்தான் என்று கண்டுகொண்டதுபோல, அவர் கால்விரலை வளைத்துப் பிடித்துக்கொண்டது.

தண்ணீர் பலகையின் அடிப்பக்கத்தைத் தொட்டது. இடுக்கு வழியாக ஏறி அவர் பாதத்தைச் சுற்றிப் பரவியது.

சம்பந்தி பேசிக்கொண்டே இருந்தார். மகள் சிரித்தாள். மடியில் இருந்ததும் சிரித்தது.

தட்டல் நின்றுவிட்டது.

விரல் மட்டும் பிடியை விடவில்லை.