ஆறு பேர் கூடாரமும் ஏழாவது ஆளும்

கையில் இருக்கும் காசுக்கு ஆறு பேர் படுக்கும் கூடாரம்தான் வாங்க முடியும் என்று பெரியப்பா சொன்னார். வீட்டில் இருப்பதோ ஏழு பேர். ஏழாவது ஆள் யார் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

நண்டுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

நண்டு என்பது பட்டப்பெயர். வயது பத்து. எதையாவது பிடித்தால் விடமாட்டாள் என்பதால் வந்த பெயர் அது. அக்கா நண்டு என்றால் தம்பிக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவன் சிண்டு. வயது ஐந்து.

அப்பா வண்டி இருக்கைகளுக்கு உறை தைப்பவர். அம்மா நர்ஸ். பெரியப்பா வேன் ஓட்டுகிறார், பெரியம்மா அவரை ஓட்டுகிறார். அத்தைக்கு ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தினமும் ஆயிரம் பேரை ஊருக்கு அனுப்பி வைப்பார். அவர் மட்டும் எங்கேயும் போனதில்லை.

இந்த விடுமுறையில் எல்லோரும் ஏரிக்கரையில் மூன்று நாள் கூடாரம் போட்டுத் தங்குவதாக ஏற்பாடு. அத்தை இரண்டு மாதத்துக்கு முன்பே லீவு சொல்லிவிட்டார். சிவப்பு நிறத்தில் ஒரு வெயில் தொப்பியும் வாங்கிவிட்டார். விலைச்சீட்டைக்கூடப் பிய்க்காமல் அது நாற்காலிக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"பெரிய டென்ட் யானை விலை, குதிரை விலை சொல்றான்," என்று பெரியப்பா கடையின் விளம்பரத் தாளைத் தட்டினார். "நாம என்ன பண்றது?"

"எனக்கென்ன அண்ணா, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்," என்றார் அத்தை. "ஏரி எங்க ஓடியா போகப் போகுது?"

"அப்போ தொப்பி?" என்று கேட்டான் சிண்டு.

அத்தை தொப்பியை எடுத்து மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

"அத்தை வரலைன்னா நானும் வரலை!" என்று கத்தினாள் நண்டு.

பெரியப்பா அசரவே இல்லை. "ரொம்ப நல்லதாப் போச்சு. இடம் மிச்சம்."

நண்டு ஒரு நிமிடம் யோசித்தாள். கோபித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை போலிருக்கிறதே!

"அப்படியா? அப்போ நான் வருவேன். அத்தையும் வருவாங்க. பார்த்துக்கிட்டே இருங்க!"

அப்பாவின் தையல் பெட்டியிலிருந்து சாக்கட்டியையும் அளவு நாடாவையும் எடுத்து வந்தாள். மேசையை ஓரமாகத் தள்ளினாள். விளம்பரத் தாளில் போட்டிருந்தபடியே, மூன்று மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், தரையில் ஒரு கட்டம் வரைந்தாள்.

"அத்தையை விட்டுட்டுப் போற ஆறு பேரும் இதுக்குள்ள வந்து படுங்க. நானும் படுக்கறேன்."

"விளையாடறியா?" என்றார் பெரியப்பா.

"இல்ல பெரியப்பா. அளந்து பார்க்கறேன்."

அம்மா சிரித்துக்கொண்டே முதலில் படுத்தார். அப்புறம் அப்பா, பெரியம்மா, சிண்டு, நண்டு. கடைசியாகப் பெரியப்பா படுத்தார். படுத்தார் என்றா சொன்னேன்? குறுக்கே அணை கட்டினார். அவருடைய வலது கை அப்பாவின் கழுத்தில் விழுந்தது. இடது முழங்கை பெரியம்மாவின் விலாவில் இடித்தது. சிண்டு கோட்டைத் தாண்டி உருண்டுபோய் மேசைக்கு அடியில் கிடந்தான்.

"ஐயோ, என் விலா போச்சு!" என்று அலறினார் பெரியம்மா. "மூணு நாள் இப்படியா கிடக்கணும்?"

"தாள்ல ஆறு பேர்னுதானே போட்டிருக்கான்!"

"போட்டவர் உங்களைப் பார்த்ததில்லை பெரியப்பா," என்றாள் நண்டு. "நாம தலையை எண்ணிட்டோம். தலை மட்டுமா படுக்குது? முழு ஆளும்ல படுக்கணும்!"

பெரியப்பா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "சரி தாயே. சின்ன டென்ட் பத்தாது. பெரிய டென்ட்டுக்குக் காசு பத்தாது. யாரும் எங்கயும் போக வேண்டாம். போதுமா?"

சிண்டு ஓவென்று அழுதான். அதைவிட மோசம், அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது.

"உன்னை யாருடி கேட்கச் சொன்னது? என்னால இத்தனை பேரு வீட்ல உட்காரணுமா?" என்று சீறினார் அத்தை.

நண்டுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் விடவில்லை.

"நீங்க கேட்க மாட்டீங்க அத்தை. அதான் நான் கேட்டேன். நாளைக்கு எல்லாரும் கடைக்கு வாங்க. அங்கயும் ஒண்ணும் கிடைக்கலைன்னா அப்போ நிறுத்திக்கலாம்."

"போய்ட்டு வந்துடுவோம்," என்று பெருமூச்சு விட்டார் அம்மா. "இல்லாட்டி இவ நம்மளைத் தூங்க விடமாட்டா."

மறுநாள் காலை ஏழு பேரும் கடைக்குப் போனார்கள். குடை, மழைக்கோட்டு, கூடாரம் எல்லாம் விற்கும் கடை அது. கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். படுத்துப் பார்த்துத்தான் வாங்குவோம் என்று நண்டு சொன்னதும் பல் மறைந்துவிட்டது.

"இது மெத்தைக் கடை இல்ல பாப்பா."

நண்டு ஒவ்வொரு கூடாரமாகப் பார்த்துக்கொண்டே போனாள். அப்போதுதான் அது அவள் கண்ணில் பட்டது. எல்லாக் கூடாரங்களின் வாசலிலும் ஒரு சாண் உயரத்துக்குத் துணித்தடுப்பு இருந்தது. மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருப்பதற்காக. காலைத் தூக்கித் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

அத்தையும் அந்தத் தடுப்புகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கடை வாசலுக்குப் போய்விட்டார்.

நண்டுக்குப் பகீரென்றது. அளந்தேன் அளந்தேன் என்று நேற்று அத்தனை பேரையும் அதட்டினாளே, இதை நினைத்துப் பார்த்தாளா? சாக்கட்டிக் கோட்டுக்கு உயரம் கிடையாது. எத்தனை பெரிய கூடாரம் வாங்கினாலும் அத்தை வாசலிலேயே நிற்க வேண்டியதுதானா? தன்மீதே கோபம் வந்தது. அத்தையின் பின்னாலேயே ஓடினாள்.

வாசலில் ஒரு பெரிய கூடாரம் நின்றது, வருகிறவர்கள் பார்ப்பதற்காக. பத்து பேர் படுக்கலாம். அதன் ஒரு பக்கம் பட்டையாக வெளுத்துப்போயிருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் தடுக்கி விழுந்து, வாசல் தடுப்பு அடியோடு பிய்ந்து போயிருந்தது.

வெயிலுக்கு ஒதுங்க நினைத்த அத்தை, அதற்குள்ளே நாற்காலியை விட்டார். சக்கரம் எங்கும் இடிக்காமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"அத்தை! இன்னும் உள்ள போங்க!" என்று கத்தினாள் நண்டு.

அத்தை போனார். உள்ளே நாற்காலியை ஒரு முழு வட்டம் சுற்றினார். இன்னொரு வட்டமும் சுற்றினார். "ஏய், எனக்குத் திரும்பக்கூட இடம் இருக்குடி!"

"எங்களுக்கு இதுதான் வேணும்!" என்று கடைக்குள் பார்த்துக் கூவினாள் நண்டு.

கடைக்காரர் ஓடி வந்தார். "அது கிழிசல் பாப்பா. வெளுத்தும் போச்சு. சும்மா பார்வைக்கு நிக்குது."

"கிழிஞ்சதாலதான் வேணும்."

அவர் நண்டை ஒரு மாதிரி பார்த்தார். கிழிசலைக் கேட்டு ஒரு ஆள் வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. உடனே மூளை வேலை செய்தது. "பத்து பேர் டென்ட்டாச்சே! ஒரு நூறு குறைச்சுக்கறேன்."

"கிழிசலுக்கு யானை விலையா?" என்று எகிறினார் பெரியப்பா. எகிறியது இந்த முறை அத்தைக்காக. நண்டு அதைக் கவனித்துக்கொண்டாள்.

"சண்டை அப்புறம் பெரியப்பா. முதல்ல படுங்க!"

கடைக்காரர் "ஏய், ஏய்" என்பதற்குள் ஆறு பேரும் உள்ளே போய்ப் படுத்துவிட்டார்கள். பெரியப்பா இரண்டு கைகளையும் விரித்துப் போட்டார். ஒருவர்மேலும் படவில்லை.

"எந்திரிங்க சார்! போற வர்றவங்க பார்க்கறாங்க!"

அத்தை நாற்காலியின் பிரேக்கைப் போட்டார். டக்! "டிக்கெட் கிடைக்கிற வரைக்கும் யாரும் வரிசையை விட்டு நகரக் கூடாது," என்றார்.

வாசல் பக்கம் தலை வைத்துப் படுத்திருந்த நண்டின் கண் கூசியது. மேலே பார்த்தாள். கடை முகப்பில் கட்டியிருந்த தார்ப்பாய் நீளமாகக் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசல் வழியாகத்தான் வெயில் இறங்கியது. எங்கே இறங்கியது? சரியாக அந்த வெளுத்த பட்டையின் மேல்.

"அங்கிள், உங்க தார்ப்பாய் கிழிஞ்சிருக்கு. அதனாலதான் இது வெளுத்திருக்கு. அடுத்து நீங்க இங்க வைக்கிற புது டென்ட்டும் வெளுக்கத்தான் போகுது. எங்க அப்பா தைச்சுக் குடுப்பாரு. நாங்க ஆறு பேர் டென்ட் விலை தர்றோம், இதைக் குடுத்துடுங்க."

அப்பா படுத்தபடியே தார்ப்பாயைப் பார்த்தார். "சீட் தைக்கிற மெஷின் இருக்கு சார். இரட்டைத் தையல் போட்டுத் தர்றேன், பல வருஷம் தாங்கும்."

கடைக்காரர் தார்ப்பாயை அண்ணாந்து பார்த்தார். வெளுத்த பட்டையைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"மழை பெய்ஞ்சா வாசல் வழியா தண்ணி வரும். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

"மடக்குற மாதிரி ஒரு தடுப்பு தைச்சுப்பேன்," என்றார் அப்பா. "நாற்காலி வந்தா இறக்கிடலாம், மழை வந்தா ஏத்திடலாம்."

"குடும்பமாய்யா இது!" என்று கடைக்காரர் சிரித்துவிட்டார். "எடுத்துக்கிட்டுப் போங்க!"

அடுத்த வாரம் ஏரிக்கரையில் அந்தக் கூடாரம் நின்றது. அதன் வாசலில் சிவப்புத் தொப்பியோடு அத்தை உட்கார்ந்திருந்தார். நோட்டுத் தாளைக் கிழித்து ஆளுக்கொரு டிக்கெட் எழுதிக் கொடுத்திருந்தார். அதைக் காட்டினால்தான் உள்ளே விடுவார். அம்மா, அப்பா, பெரியம்மா, நண்டு, சிண்டு எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். பெரியப்பாவும் தன் சீட்டை நீட்டினார்.

அத்தை அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "மன்னிக்கணும் சார். இது வெயிட்டிங் லிஸ்ட்."

"எது? நானா? எவ்வளவு நேரம் வெளியில இருக்கணும்?"

"தெரியலை சார். ஏரி எங்க ஓடியா போகப் போகுது?"

பெரியப்பாவின் முகம் தொங்கிப்போனது. "தப்புதான்மா," என்றார், அத்தைக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அத்தை பிரேக்கை எடுத்து வழிவிட்டார். பெரியப்பா குனிந்து உள்ளே போய், தனக்கு இடம் எங்கே என்று தேடினார். தரையில் ஏழு கட்டங்கள் சாக்கட்டியால் வரையப்பட்டிருந்தன.

"உங்களுது அந்த மூலையில பெரியப்பா," என்றாள் நண்டு. "ரெண்டு ஆள் இடம் போட்டு வெச்சிருக்கேன்."