தட்டின் இடது பாதி

அன்றைக்குத் தட்டு காலியாக இருந்தது.

இது ஒரு விஷயமா என்று கேட்கலாம். அந்த வீட்டில் விஷயம்தான். மூன்று மாதமாக அவன் தட்டின் வலது பாதியை மட்டும்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நூல் பிடித்து வெட்டினாற்போல நடுவில் ஒரு கோடு விழும். அதற்கு இடது பக்கம் சோறும் முட்டையும் வைத்தது வைத்தபடி கிடக்கும். "இவ்வளவுதானா? இன்னும் போடேன்" என்பான். மனைவி தட்டைத் திருப்பி வைப்பாள். மறுபாதி அப்போதுதான் வானத்திலிருந்து விழுந்த மாதிரி அவன் முழிப்பான்.

கண்ணில் கோளாறு இல்லை. கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவன் அவன். இரும்புக் குழாய் சரிந்து தலையின் வலப்பக்கம் விழுந்ததில், இடது என்று ஒரு பக்கம் இருப்பதையே மூளை மறந்துவிட்டது என்றார் டாக்டர். பாதி முகம் சவரம் செய்வான். ஒரு கையை மட்டும் சட்டைக்குள் விடுவான். இடது நிலைப்படியில் தினமும் தோளை இடித்துக்கொள்வான். பயிற்சி கொடுக்கிற தெரபி அம்மாதான் வழி சொன்னார். தட்டு, கண்ணாடி, கதவு எல்லாவற்றின் இடது ஓரத்திலும் சிவப்பு டேப் ஒட்டச் சொன்னார். "சிவப்பு தெரியிற வரைக்கும் கழுத்தைத் திருப்புங்க. சிவப்பு தெரியலைன்னா உலகம் இன்னும் முடியலைன்னு நினைச்சுக்கோங்க."

இப்போது தட்டு காலி. யாரும் திருப்பி வைக்கவில்லை.

"ஏங்க! நீங்களே பாத்து சாப்ட்டீங்களா?" மனைவி தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

அவன் கழுத்தைத் திருப்பவே இல்லை. வயிறு இன்னும் பாதிப் பசியில் இருந்தது. சாப்பிடும்போது பக்கத்தில் மெல்லுகிற சத்தம் கேட்டது உண்மை. தன் வாய்தான் என்று நினைத்திருந்தான். சொல்ல வாயெடுத்தான். மூன்று மாதமாகச் சிரிக்காத முகம் எதிரே சிரித்துக்கொண்டிருந்தது.

"ஆமா" என்றான்.

மறுநாள் காலை கண்ணாடி முன்னால் வலது கன்னத்தை மழித்துவிட்டு, தெரபி அம்மா சொல்லியிருந்தபடி மறுபக்கம் தடவிப் பார்த்தான். வழுவழுவென்றிருந்தது. புதிதாக மழித்த தோல். குளியலறை ஈரத்திலும் சோப்பு வாசனையிலும் வேறொரு வாசனை மெல்லிசாகக் கலந்திருந்தது. கிராம்பு. அந்த வீட்டில் யாரும் கிராம்பு மெல்லுவதில்லை.

தெரபி அம்மா வட்டம் போட்ட தாளை நீட்டினார். "இது கடிகாரம். மணி எண்ணெல்லாம் எழுதுங்க, பாப்போம்." எப்போதும் பன்னிரண்டு எண்களையும் வலது பாதியில் கூட்ட பஸ் மாதிரி நெருக்கி அடைப்பான். அன்றைக்கு எழுதிவிட்டு நிமிர்ந்தபோது அந்த அம்மா எழுந்தே விட்டார்.

"அடேயப்பா! அததது இடத்துல உக்காந்திருக்கே!"

தாளை அவன் வலப்பக்கம் பிடித்துக் காட்டினார். ஒன்றிலிருந்து ஆறு வரை அவனுடையது. முப்பது வயதுக்கு மேல் எழுதப் பழகிய கோணல் எண்கள். ஏழிலிருந்து வேறு கை. மெலிந்து சாய்ந்த எழுத்து. ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு.

அந்த ஏழை அவனுக்குத் தெரியும். பதினோரு வருடம் சாரப் பலகைகளில் சுண்ணக்கட்டியால் அப்படி எழுதியது அவனுடைய ஜோடிக்காரன். சுண்டுவிரலில் பாதியை மெஷினுக்குக் கொடுத்ததால் எல்லோரும் 'நாலரை' என்றுதான் கூப்பிடுவார்கள். அவனும் சிரித்துக்கொண்டே கிராம்பை மென்றபடி திரும்பிப் பார்ப்பான். குழாய் விழுந்த அன்றைக்கு இருவரும் ஒரே சாரத்தில்தான் இருந்தார்கள். உயிரோடு இறங்கியவன் ஒருவன்தான்.

பலகை வழுக்கியது என்று எல்லோரும் சொன்னார்கள். வழுக்கியது உண்மை. வழுக்கிய நாலரை அவன் இடது கையைப் பிடித்துத் தொங்கியதும், அவன் கட்டிப்பிடித்திருந்த குழாய் பிடுங்கிக்கொண்டு வர ஆரம்பித்ததும் யாருக்கும் தெரியாது. அவன் இடது கையை உதறினான். ஒரு தடவை. இரண்டாம் தடவை. அதற்குப் பிறகுதான் குழாய் தலையில் விழுந்தது.

"இனிமே தனியா வெளியில போகலாம்" என்று தெரபி அம்மா எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலம் மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நாளைக்குப் பாப்பாவை ஸ்கூல்லேருந்து நீங்க கூட்டிட்டு வரீங்களா? தினம் பர்மிஷன் கேட்டா தையல் கம்பெனி சூப்பர்வைசர் மூஞ்சி பாத்திரம் கழுவுன தண்ணி மாதிரி ஆயிடுது."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். தட்டைக் காலி செய்தது நான் இல்லை என்று. ஆனால் தெருவில் அவனுக்கு 'அரை ஆளு' என்று பெயர் விழுந்திருந்தது. ஒரு நாளாவது முழு அப்பாவாக நடக்க ஆசை.

"கூட்டிட்டு வரேன்" என்றான்.

நாலு மணி வெயில் சாய்ந்திருந்தது. இடது கை எதிலாவது மாட்டிக்கொள்ளாமலிருக்க, தெரபி அம்மா சொல்லிக் கொடுத்தபடி அதை வலது கையால் எடுத்துப் பேன்ட் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டான். மகள் தலையில் சிவப்பு ரிப்பன். "நீங்க திரும்பினா நான் தெரிவேன்ல, அதான்" என்று அவளே கேட்டுக் கட்டிக்கொண்டது. ஆறு வயசு.

"வலப்பக்கமே வா, என்ன?"

"சரி சரி. நூறு தடவ சொல்லிட்டீங்க."

நாலரை விழுந்த அந்தக் கட்டடத்தைத் தாண்டாமல் சுற்றிப் போக வேண்டும் என்றுதான் நினைத்திருந்தான். சுற்றுவழிக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பம் அவன் கண்ணுக்கு வரவே இல்லை. நேரே நடந்தான். பச்சை வலை காற்றில் அடித்துக்கொள்கிற சத்தமும், துருவும் ஈரச் சிமெண்டும் கலந்த வாசனையும் வந்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று புரிந்தது. வேலை நின்று மூன்று மாதம். சாரத்தை யாரும் பிரிக்கவில்லை.

பின்னால் ஹாரன். வண்டி வலப்பக்கம் உரசிக்கொண்டு போனது. அவன் கையிலிருந்த சின்னக் கை நழுவியது.

"பாப்பா?"

"இங்கதாம்பா. இந்தப் பக்கம் வந்துட்டேன்."

குரல் வலப்பக்கம் கேட்டது. வலப்பக்கம் யாரும் இல்லை. அடிபட்டதிலிருந்து எல்லாச் சத்தமும் அவனுக்கு வலப்பக்கம்தான் கேட்கும். அப்படியென்றால் இடப்பக்கம் நிற்கிறாள்.

"கையப் புடிச்சுக்கோ."

"புடிச்சிட்டுதானே இருக்கேன்!" சிரித்தாள். "ரொம்ப இறுக்குறீங்கப்பா."

வலது கையைக் குறுக்கே கொண்டுபோய் இடது பாக்கெட்டுக்குள் விட்டான். அவனுடைய இடது கை அங்கேயேதான் இருந்தது. சில்லென்று. விரல்களை எண்ணினான். ஐந்து. முழுசாக ஐந்து.

கிராம்பு வாசனை.

"ஐ! மாமா!" நாலரை மாமா ஊருக்குப் போயிருப்பதாகத்தான் அவளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். "எப்ப வந்தீங்க? அப்பாகிட்ட சொல்லவே இல்லியே!"

"பாப்பா, கைய விடு!"

"மாமா மேல கூட்டிட்டுப் போறாராம்பா."

கழுத்தைத் திருப்பினான். சுவர். வலை. குழாய். சிவப்பு இல்லை. இன்னும் திருப்பினான். உடம்போடு திருப்பினான். மறுபடி சுவர். மறுபடி வலை. ஒரு முழுச் சுற்று. சிவப்பு இல்லை.

தட்.

பலகையில் கால் வைக்கிற சத்தம்.

தட். தட்.

ஒரு ஜோடி சின்னக் கால். இன்னொன்று கனமான கால்.

"எறங்கு! எறங்கு பாப்பா!" கத்தினான்.

"அப்பா, இங்க பாருங்க!"

மேலே பார்த்தான். சிவப்பு தெரிந்தது. சாரத்தின் மூன்றாம் தட்டு. பலகையின் நுனிக்கும் வெளியே. கால்களுக்குக் கீழே எதுவும் இல்லை. ஒரு கை மட்டும் மேலே தூக்கியிருந்தது. தொங்கிக்கொண்டிருக்கிறோம் என்பது தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சின்னக் கையை இன்னொரு கை பிடித்திருந்தது. மணிக்கட்டு வரைதான் தெரிந்தது. அதற்கு இடப்பக்கம் அவனுக்கு உலகமே இல்லை. நாலு விரல். ஒரு பாதி விரல்.

கை ஒரு தடவை உதறியது.