காசியம்மாள் ஆக்கிய கீரை

"இன்னாடி இது, இன்னிக்கும் கீரையா?"

தம்பியின் தட்டை எட்டிப் பார்த்த ரங்கம்மாள் அடுப்படிப் பக்கம் திரும்பிக் கேட்டாள். கேழ்வரகுக் களி, உப்புக் குறைத்துக் கடைந்த முருங்கைக்கீரை, வதக்கிய பூண்டு. ஐந்து மாதமாக அய்யனாருக்குக் காலையில் அதுதான்.

"கரும்பு வெட்டற ஒடம்பு... ஒரு துண்டு கருவாடு உண்டா? மாட்டுக்குப் போடறாப்பல தழையப் போட்டுக்கினு இருக்கியே, நீ நல்லா இருப்பியா?"

அய்யனாரின் மனைவி காசியம்மாள் வந்து இன்னொரு கரண்டி கீரை வைத்தாள். அய்யனார் தலை நிமிராமல் சாப்பிட்டான்.

தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள் ரங்கம்மாள். அவள் புருஷன், சர்க்கரை நோயில் கால் அழுகி முழங்காலோடு எடுத்த ஆறாம் மாதம் செத்துப்போனான். அன்றிலிருந்து தம்பி வீடுதான் அவளுக்கு.

சித்திரையில் அய்யனாருக்கு நூறடி நடந்தால் கெண்டைக்கால் கவ்விப் பிடித்தது. மூங்கில்துறைப்பட்டில் டாக்டர் பக்கீர் முகமது அழுத்திப் பார்த்தார்.

"காலுக்குப் போற ரத்தக் குழா இறுகி அடைச்சிருக்கு. பீடிய வுடணும், மாத்திர போடணும், தெனம் நடக்கணும். உப்பு, எண்ணெ கம்மி. கீர, பூண்டு, வெங்காயம், நெல்லிக்கா நெறய சாப்புடு. அந்தச் சத்து ரத்தக் குழா இளகி விரிய ஒத்தாசையா இருக்கும். அது மட்டுமே மருந்துன்னு இருந்துடாதே."

திரும்பும் வழியில் அய்யனார் நின்றுவிட்டான். "அக்காவுக்குத் தெரிய வேணாம் காசி. மாமா கால எடுத்ததப் பாத்தவ... கேட்டா ஒடஞ்சிடுவா."

சரியென்று காசியம்மாள் ஒரு வார்த்தை சொன்னாள். அதற்கு அவள் வாங்கிய பேச்சு கொஞ்சமா... 'புருசன பட்டினி போடறவ' என்று ரங்கம்மாள் தெருவெல்லாம் சொன்னாள். திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் காசியம்மாளின் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அவளும் அதே உப்புக் குறைந்த கீரையைத்தான் தின்றுகொண்டிருந்தாள் என்பதை யாரும் பார்க்கவில்லை.

எண்பத்தேழு புரட்டாசி, இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம். புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை. மூன்றாம் நாள் காலை, தண்ணீர் சேந்தப் போன ரங்கம்மாள் மூக்கில் ரத்தம் வழியக் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டாள். காசியம்மாள் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள்.

"நான் போயி டாக்டர இட்டாரேன்" என்று அய்யனார் துண்டை எடுத்துத் தோளில் போட்டான்.

"நின்னு நின்னு போங்க. வலிச்சா ஒக்காந்துக்குங்க."

அரை மயக்கத்திலும் ரங்கம்மாளுக்கு அது கேட்டது. "மூணு மைலுக்கு எதுக்குடி ஒக்காரணும்..."

உச்சிவேளையில், சாய்ந்த மரங்களின் மேல் டாக்டரின் சைக்கிளைத் தூக்கித் தாண்டி, அதை உருட்டிக்கொண்டே இருவரும் நடந்து வந்து சேர்ந்தார்கள். டாக்டர் ரத்தத்தை நிறுத்தி, பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்தார். பிறகு அய்யனாரின் பக்கம் திரும்பினார்.

"இப்பிடியே போனா உன் கால எடுக்க வேண்டி வருமோன்னு பயந்தேன்யா. இன்னிக்கு வழியில ரெண்டே எடத்துல நின்னு மூணு மைல் நடந்து வந்துருக்கே. உன் சம்சாரம் நான் சொன்னத வுடாம ஆக்கிப் போட்டிருக்காங்க."

ரங்கம்மாள் கையை ஊன்றி எழுந்தாள். "காலா... யாரு கால?"

அய்யனார் எல்லாவற்றையும் சொன்னான். ரங்கம்மாள் காசியம்மாளின் பக்கம் திரும்பினாள்.

"ஒரு வார்த்த சொல்லி இருக்கலாமேடி..."

"அவுரு வேணான்னாரு அண்ணி."

"நான் பேசனதெல்லாம் கேட்டுக்கினு... எப்பிடிடி இருந்தே?"

"வலிச்சிது அண்ணி. இல்லன்னு சொல்ல மாட்டேன்."

அதற்கு மேல் காசியம்மாளால் முடியவில்லை. ஐந்து மாதத்து அழுகையும் அப்போதுதான் வந்தது. ரங்கம்மாள் அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "பாவி நான்... பெத்த மவளா இருந்தா இப்பிடிப் பேசி இருப்பனா..."

மறியல் முடிந்து பஸ் ஓட ஆரம்பித்தது. காசியம்மாள் துணி இரண்டை எடுத்துப் பையில் வைத்தாள். "எங்கம்மா வூட்ல பத்து நாளு இருந்துட்டு வரேன் அண்ணி."

ரங்கம்மாள் பதறிப்போனாள். "கோவமாடி?"

"கோவம் இல்ல. அலுப்பு."

ரங்கம்மாள் அவளைத் தடுக்கவில்லை. பையை வாங்கித் தானே சுமந்து பஸ் நிறுத்தம்வரை கூட நடந்தாள். சங்கராபுரம் பஸ் வந்து நின்றதும் கண் கலங்கப் பையை நீட்டினாள்.

"எட்டு நாள்ல வந்துடேன்."

காசியம்மாள் தன் முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்தாள். "பத்து நாளு அண்ணி" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே பஸ்ஸில் ஏறினாள்.