தட்டி நனைப்பவள்

1959ஆம் வருடம், கத்திரி வெயில் தொடங்கிய அன்று காலை பத்து மணிக்கு ஸ்டெல்லாமேரி உப்பளம் பேட்டையிலிருந்த அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். கையில் ஒரு தகரப் பெட்டி. இரண்டு மாதத்துக்கு அங்கேயே தங்கி, படுக்கையிலிருந்த பெரியவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் வேலை.

பெரியவர் அல்போன்ஸ், கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடத்துக்கு முன் படிக்கட்டில் விழுந்து முதுகெலும்பு முறிந்துபோயிற்று. வலது கையும் தலையும் மட்டுமே அசையும். மார்புக்குக் கீழே உடம்பு வியர்ப்பதில்லை. அதனால் கோடையில் அறை சூடேறினால் அவர் உடம்பும் கூடவே சூடேறும். உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் எங்கோ இருந்தான். வீட்டில் மருமகள் அகஸ்டினா மட்டும்.

பெரியவரின் அறையில் மேற்கு ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரு மரப்பெட்டி உட்கார்ந்திருந்தது. மூன்று பக்கமும் வெட்டிவேர்த் தட்டி, நடுவில் மின்விசிறி. அதைச் செய்த மெக்கானிக் கன்னியப்பன் அன்று அங்கே இருந்தான்.

"நர்ஸம்மா, மேல தொட்டியில தண்ணி ஊத்துங்க. ஓட்ட வழியா தட்டியில சொட்டி, கீழ தட்டுல சேரும். அத மொண்டு திரும்ப மேல ஊத்தணும். தட்டி நல்லா நனைஞ்ச பெறகுதான் பேன் போடணும். எதிர் ஜன்னல நாலு வெரல் தொறந்து வைங்க, இல்லன்னா புழுக்கம்தான் மிஞ்சும். வாரம் ஒருவாட்டி தண்ணிய வடிச்சிட்டுத் தட்டியக் கழுவிக் காயவைங்க. உப்புத்தண்ணி பாருங்க, தட்டியில உப்பு பூத்துக்கும்."

"எல்லாம் உள்ளேருந்தே செய்யலாமா?"

"அதுக்குத்தான் இப்படிச் செஞ்சது. வெளிய போகவே வேணாம்." அவன் ஜன்னலுக்குப் பக்கத்திலிருந்த கதவைப் பார்த்தான். தாழ்ப்பாளுக்கு மேல் ஓர் இரும்புப் பட்டையும் போட்டிருந்தது. பார்த்த கண்ணை உடனே திருப்பிக்கொண்டான்.

முதல் இரண்டு நாள் பெட்டி நன்றாகவே ஓடியது. மேல்காற்று அனலாய் வீச, பெட்டி வழியே அது வெட்டிவேர் மணத்தோடு குளிர்ந்து வந்தது. பெரியவர் கண்ணை மூடிக் கிடந்தார். ஆனால் தூங்கவில்லை. அவர் விரல்கள் ஓயாமல் போர்வையின் விளிம்பைப் பிசைந்துகொண்டிருந்தன.

மூன்றாம் நாள் பகல் ஒரு மணிக்குக் கீழ்த் தட்டு வறண்டுபோயிருந்தது.

ஸ்டெல்லாமேரி ஒரு குடம் ஊற்றினாள். கால் மணி நேரத்தில் அதுவும் இல்லை. எங்காவது ஒழுகுகிறதா என்று தரையைத் தடவிப் பார்த்தாள். பொட்டு ஈரம் இல்லை. இன்னொரு குடம் கொண்டுவந்து சாய்த்தபோது விசிறியின் இரைச்சலுக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டது.

மடக். மடக். மடக்.

யாரோ மூச்சு விடாமல் தண்ணீர் குடிக்கிற சத்தம்.

பெரியவர் கண் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊத்திக்கிட்டே இரு," என்றார். "நிறுத்தாத."

ஐந்தாம் நாள் இரண்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. ஆள் நின்று தட்டும் உயரத்தில் இல்லை. கதவின் அடியில், தரையோரமாக. மெதுவாக மூன்று முறை. பிறகு நகத்தால் சுரண்டுகிற ஓசை.

அவள் எழுந்ததும் பெரியவரின் வலது கை படுக்கையை அறைந்தது.

"தொறக்காத!"

அன்று சாயங்காலம் சமையற்கட்டில் அகஸ்டினாவிடம் கேட்டாள். அகஸ்டினா அடுப்பிலிருந்து திரும்பாமலேயே சொன்னாள்.

"போன வருஷம் இந்தப் பெட்டி கெடையாது. ஜன்னலுக்கு வெளிய தட்டி கட்டியிருந்தோம். பார்வதின்னு ஒருத்தி சந்துல நின்னு தண்ணி அடிப்பா. அந்தச் சந்துக்கு இந்த ஒரு கதவுதான் வழி. சுத்தி உசந்த செவுரு. மத்தியானம் பன்னெண்டுலேருந்து அஞ்சு வரைக்கும் கதவத் தொறக்கக் கூடாது, அனல் வரும்னு மாமா உத்தரவு. ஒரு நாள் அஞ்சு மணிக்குத் தொறந்தேன். கதவோரமா சுருண்டு கெடந்தா."

"அவ தட்டலையா அக்கா?"

"நான் மாடியில என் ரூம்புல இருந்தேன்." அகஸ்டினா குழம்பைக் கிண்டினாள். "அந்த உப்புத்தண்ணியக் குடிக்கவும் முடியாது, பாவம்."

மறுநாள் பகல் பெரியவர் தானாகவே பேச ஆரம்பித்தார். குரல் ஜன்னல் பெட்டியைத் தாண்டிப் போகக் கூடாது என்பதுபோல அவ்வளவு மெல்ல.

"ஸ்டெல்லா, ஆளக் கூப்புடற மணி என் கையிலதான் இருந்துச்சு. ஆட்டுனா மேலேருந்து வந்து தொறந்திருப்பாங்க. ஐயா, ஒரு வாய் நல்ல தண்ணின்னா பார்வதி. மயக்கமா வருதுன்னா. தொறந்தா ரூம்பு அனலாயிடுமேன்னு இருந்துட்டேன். கொஞ்ச நேரம் தட்டிட்டு வேலையப் பாப்பான்னு நெனச்சேன்."

"எவ்வளவு நேரம் தட்டுனா?"

"ரொம்ப நேரம்."

அப்போது கதவின் அடியில் தட்டும் ஓசை கேட்டது.

ஸ்டெல்லாமேரி பயந்தாள். ஆனால் அந்தத் தட்டலில் கோபம் இல்லை. ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேர் கட்டில் சட்டத்தை அப்படித் தட்டி அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குப் போகாமல் அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஒரு செம்பில் குடிதண்ணீர் எடுத்தாள். பெரியவர் "வேணாம், வேணாம்" என்று முனக முனக, இரும்புப் பட்டையைத் தூக்கினாள். தாழ்ப்பாளை இழுத்தாள்.

சந்தில் யாரும் இல்லை. வெயில் சுவரிலிருந்து சுவருக்கு எகிறியது. முகத்தில் அனல் அடித்தது.

வாசற்படியில் செம்பை வைத்துவிட்டுக் குனிந்தபடியே நின்றாள். கொதிக்கிற சிமெண்டுத் தரையில் ஈரமான ஒரு பாதச்சுவடு விழுந்தது. அது காய்வதற்குள் அடுத்தது.

மூன்றாவது, வாசற்படிக்கு உள்ளே விழுந்தது.

அவள் கணுக்காலை ஈரப் புடவை ஒன்று உரசிக்கொண்டு போயிற்று.

அன்றிலிருந்து பெட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குறையவில்லை. அறை குளிர்ந்தது. மூன்று மணிக்குக் கடற்காற்று வந்த பிறகும் குளிர்ந்தது. அடுத்த நாள் பெரியவர் இன்னொரு போர்வை கேட்டார். அதற்கடுத்த நாள் இரண்டு கம்பளி. நகங்கள் நீலம் பாரித்தன. வெளியே காக்கைகள் வாயைப் பிளந்துகொண்டு நிழல் தேடிய பகலில், அந்த அறையில் ஸ்டெல்லாமேரியின் மூச்சு புகையாய்த் தெரிந்தது.

அவள் விசிறியை நிறுத்தினாள்.

காற்று நிற்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கினாள். இறக்கைகள் அசையாமல் நின்றன. அவளால் அவற்றை எண்ணிப் பார்க்க முடிந்தது, மூன்று. அவற்றின் ஊடே ஈரக் காற்று வந்துகொண்டேயிருந்தது. பெட்டிக்கு அந்தப் பக்கம் சளார், சளார் என்று தட்டியில் தண்ணீர் அடிக்கும் ஓசை. சாரல் கட்டில்வரை தெறித்தது.

"அவ வேலைய அவ செய்யறா," என்றார் பெரியவர். பற்கள் தந்தியடித்தன. "பார்வதி... போதும்மா. போதும்."

சளார்.

அறைக்குள் சூடு வர ஒரே வழிதான் இருந்தது. ஸ்டெல்லாமேரி ஓடிப்போய்ச் சந்துக் கதவைப் பிடித்து இழுத்தாள். தாழ்ப்பாள் போடவில்லை. பட்டையும் இல்லை. கதவு அசையவேயில்லை. சந்துப் பக்கத்திலிருந்து ஓர் ஆள் கைப்பிடியைப் பற்றி இழுத்துக்கொண்டு நிற்பதுபோல் அது விறைத்துக்கொண்டது.

"அக்கா! அகஸ்டினாக்கா!"

அகஸ்டினா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். இருவருமாக இரும்புக் கட்டிலை இழுத்தார்கள். நனைந்த மெத்தை மலையாய்க் கனத்தது. முன்கூடத்துக்குக் கொண்டுவந்து, வெயில் விழும் இடத்தில் போட்டு, ஸ்டெல்லாமேரி அவர் உள்ளங்கால்களைத் தேய்த்தாள், தேய்த்துக்கொண்டேயிருந்தாள்.

பெரியவர் வலது கையை மெல்லத் தூக்கினார். கட்டில் சட்டத்தில் ஒரு முறை தட்டினார். இன்னொரு முறை.

மூன்றாவது தட்டு வரவில்லை.

டாக்டர் வந்து உடம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்டெல்லாமேரியை நிமிர்ந்து பார்த்தார். "ஐஸ்ல வச்சிருந்தீங்களா?" என்றார்.

கன்னியப்பன் பெட்டியைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். அகஸ்டினா கொத்தனாரை வைத்துச் சந்துக் கதவைப் பெயர்த்து, அங்கே செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டாள்.

ஆனி மாதக் கடைசியில், சாரம் பேட்டையில் தன் வீட்டிலிருந்த ஸ்டெல்லாமேரிக்கு அகஸ்டினா ஆள் அனுப்பினாள். வந்தவளைப் பெரியவரின் அறைக்குக் கூட்டிப்போனாள். கட்டில் இல்லை. புதிதாகக் கட்டிய சுவர் வெள்ளையடித்து, எலும்பாய்க் காய்ந்திருந்தது, முழங்கால் உயரத்தில் ஓர் இடத்தைத் தவிர. அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரம்.

"கொத்தனார் மூணு வாட்டி பூசிட்டாரு," என்றாள் அகஸ்டினா. ஆள் இளைத்துப்போயிருந்தாள். "மொதல்ல இது ஒண்ணுதான் இருந்துச்சு."

அவள் விரலை நீட்டினாள். சுவரோடு சுவராக இரண்டடி தள்ளி இன்னொரு ஈரம். அறை வாசலில் ஒன்று. கூடத்துச் சுவரில் மூன்று. தவழ்ந்து போகிறவர்கள் சுவரைத் தாங்கித் தாங்கிப் போன மாதிரி, எல்லாம் முழங்கால் உயரத்தில்.

ஸ்டெல்லாமேரி அவற்றைத் தொடர்ந்து போனாள். மாடிப்படிக்கு அடியில் ஒன்று இருந்தது. முதல் படிக்கு நேரே ஒன்று. இரண்டாவது படிக்கு நேரே இருந்ததைத் தொட்டாள். கை சில்லிட்டது.

"நேத்து இது வரைக்கும்தான் வந்திருந்துச்சு," என்று அகஸ்டினா கிசுகிசுத்தாள்.

நான்காவது படியில் சுவர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.