அண்ணன் கோப்பையை உடை!

"ஐயோ... உடைக்காதீங்க!"

ஃபுசாயேயின் அலறலில், சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள்.

உள்ளே அவள் கணவர் யசுஹெய். ஜப்பானின் மாஷிகோ ஊரில் பழைய மண் கோப்பைகளுக்குப் பேர்போன கடைக்காரர். முந்தாநாள் டீ குடித்தவர் சாய்ந்தார்... எழுந்திருக்கவேயில்லை. மாரடைப்பு என்று எழுதிவிட்டார் டாக்டர்.

வாசலில் தம்பி கியூஜி. கையில் அண்ணனின் கோப்பை. ஐம்பது வருஷப் பழசு. வெள்ளைப் பூச்சு முழுக்க மயிரிழை வெடிப்புகள்.

அண்ணன் கடைசியாகக் குடித்ததும் அதில்தான்.

அந்த டீயில் விஷம் கலந்தது கியூஜிதான்!

"அண்ணி, பெட்டி வாசலைத் தாண்டும்போது செத்தவங்க கோப்பையை உடைச்சாகணும். இல்லேன்னா ஆவி திரும்பி வந்துடும்."

"வரட்டுமே! என் புருஷன் வந்தா எனக்கென்ன பயம்? குடுங்க இங்கே!"

பறித்து முகத்தோடு சேர்த்துக்கொண்டாள். அழுகை சட்டென்று நின்றது.

"தம்பி... இதை சோப்பு போட்டுக் கழுவினது யாரு?"

கியூஜிக்குக் குப்பென்று வியர்த்தது.

"சாவு வீடு... எவளாவது கழுவியிருப்பா..."

"என்னையே கழுவ விடமாட்டாரே! வெறும் வெந்நீர்ல அவரேதான் அலசுவாரு. சோப்பு பட்டா கோப்பை செத்துடும்பாரு!"

அவ்வளவுதான். பிடுங்கினான். வாசற்கல்லில் ஓங்கி அடித்தான்.

சிலீர்...!

அப்பாடா! உடம்பும் எரிந்துவிட்டால் தீர்ந்தது. அவன் புதுக் கோப்பையைப் பழசென்று விற்றதற்கு, வாங்கினவன் வீட்டுக்கெல்லாம் போய்த் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்! அண்ணனுக்கு என்ன பிடிவாதம்!

கூட்டத்திலிருந்து ஒரு கறுப்பு சூட் குனிந்து, சில்லுகளைக் கைக்குட்டையில் பொறுக்கியது.

இன்ஸ்பெக்டர் இசோபே! கடையின் பழைய வாடிக்கையாளர்.

"விடுங்க சார், பெருக்கிடுவாங்க."

"சோப்பு வாசனை ஆளைத் தூக்குதே கியூஜி!"

"கழுவின கோப்பையில என்ன சார் இருக்கப்போகுது?"

"ஏதாவது இருக்குன்னு நான் சொன்னேனா?"



இசோபே ஒரு சில்லைத் திருப்பினார். மேலே வெள்ளை... உடைந்த இடத்தில் மண் காபிப்பொடி நிறம்!

"பார்த்தீங்களா? அம்பது வருஷ டீ. வெடிப்பு வழியா மண்ணு உறிஞ்சிக்கிட்டே இருக்கும். சோப்பு மேலோட சரி. முந்தாநாள் டீயும் இதுக்குள்ளேதான் இருக்கும். உங்களுக்கா தெரியாது? புதுக் கோப்பையை டீயில வேகவெச்சுப் பழசாக்கினவராச்சே!"

"யா... யார் சொன்னது?"

"வாங்கின ஏமாளிகள்ல நானும் ஒருத்தன்யா!"

பெட்டி பக்கம் திரும்பினார்.

"இறக்குங்க. எரிக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

ஓடப் பார்த்த கியூஜியைப் பிடித்து விலங்கு மாட்டினார். ஃபுசாயே அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"பாவி! என் கையாலதானே அந்த டீயை அவருக்குக் கொண்டுபோகச் சொன்னே! நான்தானேடா கொடுத்தேன்!"

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. விலங்கு பூட்டிய கைகளையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

"உடைக்காம விட்டிருந்தா... தப்பிச்சிருப்பேனா சார்?"

"நிச்சயமா! உள்ளே பார்க்கணும்னா உடைச்சாகணும். அவ்வளவு நல்ல கோப்பையை உடைக்க எனக்கு மனசு வந்திருக்காதேய்யா!"