உருகாத ஐஸ்

"நான் கார்க் குழாய் பூட்டினதில பிழை இல்லை அங்கிள். மன்னிப்புக் கேக்கச் சொல்லினம். கேக்கமாட்டன்."

துவாரகா உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டாள். வாகன விபத்துகளை ஆராய்ந்து ஓய்வுபெற்ற அந்தோனிப்பிள்ளை, கதிரையைக் காட்டி முழுவதையும் கேட்டார். அவருடைய உதவியாளர் வைதேகி அதற்குள் கார்ச் சாவியை எடுத்துவிட்டாள்.

ஆஸ்திரேலியப் புறநகரான கிரெய்கிபர்னில் சிறிதரனின் கராஜில் துவாரகா மெக்கானிக். இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்து லேனில் நேராகப் பாயும் டிராக் ரேஸுக்கான அவருடைய காரை ஓட்டுபவளும் அவளே. எஞ்சினுக்கு டர்போ அழுத்தித் தரும் காற்று கொதிக்கும். அதைக் குளிர்விக்க, பின்பெட்டியில் ஐஸும் தண்ணீரும் நிரப்பி, பம்ப் வைத்து, குழாய் வழியே இன்டர்கூலருக்குச் சுற்றவிட்டிருந்தாள். அன்று காலைச் சோதனை ஓட்டத்தில் சூடு எகிறியது. எஞ்சின் சிதறாமல் தப்பியதே பெரிது. மறுநாள் போட்டி. காரை முன்பு ஓட்டிய நரேனிடமே கொடுக்க சிறிதரன் எண்ணியிருந்தார்.

கராஜில் சிறிதரனும் நரேனும் பார்த்து நிற்க, அந்தோனிப்பிள்ளை பெட்டியைத் திறந்தார். ஐஸ் கட்டிகள் பெரும்பாலும் அப்படியே கிடந்தன.

"தண்ணி சுத்தியிருந்தா உருகியிருக்குமே! பம்ப்தான் போச்சு," என்றாள் வைதேகி.

அவர் பம்பைப் போட்டார். அது நன்றாகவே இரைந்தது. குழாயை விரலால் தடவிக்கொண்டே போனார். குளிர், குளிர், ஒரு வளைவுக்கு அப்பால் குளிரே இல்லை.

"இதுக்குள்ள ஏதோ அடைச்சிருக்கு," என்றார்.

நரேன் சிரித்தான். "துணி கிடக்கிறதைக்கூடப் பாக்காமல் பூட்டியிருக்கிறா. இவவிட்டயா காரைக் குடுக்கிறது?"

துவாரகா குழாயைக் கழற்றினாள். நனைந்த சாம்பல்நிறத் துணி உருண்டையொன்று தரையில் விழுந்தது.

"பூட்டின பிறகு தண்ணி சுத்தினதை ஆராவது பாத்தனீங்களோ?" என்று கேட்டார் அந்தோனிப்பிள்ளை.

"ஓம், நேற்று நானே பாத்தனான்," என்றார் சிறிதரன். "நல்லா ஓடினது."

"அப்ப இது மறந்துவிட்ட துணி இல்லை. நேற்றைக்குப் பிறகு ஆரோ குழாயைக் கழற்றி உள்ள வைச்சது." அந்தோனிப்பிள்ளை நரேனைப் பார்த்தார். "நான் 'ஏதோ' எண்டுதான் சொன்னனான், தம்பி. ரப்பராய் இருக்கலாம், பிளாஸ்டிக்காய் இருக்கலாம். குழாயைத் திறக்க முன்னமே அது துணி எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

நரேனின் முகம் வெளிறியது. "சூடு ஏறினால் நிப்பாட்டுவா எண்டு நினைச்சன்... அது நான் ஓட்டின கார்."

சிறிதரன் குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, இது எங்களுக்குள்ள இருக்கட்டும். நாளைக்கு நீயே ஓட்டு. உன்ர விசாவும் இந்த வேலையாலதான், அதையும் யோசி."

"விசாவைச் சொல்லி என்ர வாயை மூடேலாது. நான் செத்திருப்பன். போட்டி நடத்துறவையிட்டச் சொல்லத்தான் போறன்."

சொன்னாள். நரேனை மைதானத்துக்குள் விடவில்லை. வேறு ஓட்டுநர் இல்லாததால் சிறிதரன் அவளிடமே காரை விட்டார். அவள் இரண்டாவதாக வந்தாள். கைகொடுக்க வந்த சிறிதரனிடம் கார்ச் சாவியை நீட்டினாள்.

"வேற கராஜில வேலை எடுத்திட்டன், விசாவுக்கும் அவை ஓம் எண்டிட்டினம். அடுத்த போட்டியில உங்கட காருக்குப் பக்கத்து லேனில நிப்பன், அங்கிள்."